நல்லம்மாவின் நாக்கு

தெல்தோட்டைக்கு மேலே பைனஸ் மரக் காட்டில் மழை விட்டதும் பால் காளான் முளைக்கும். மரத்து வேரைப் பிடித்துக்கொண்டு வருசமெல்லாம் மண்ணுக்குள் கிடக்கிற சாதி அது. வைக்கோலில் வளர்க்கப் பார்த்தவர்களுக்கு வைக்கோல்தான் மிஞ்சியது. குடைக்கு அடியிலுள்ள மடிப்பைக் கீறினால் வெள்ளைப் பால் துளிக்கும். நல்லதின் பால் சப்பென்றிருக்கும். அதே மரத்தடியில், அதே நிறத்தில் அதற்கொரு பங்காளி உண்டு. அதன் பால் நாக்கைக் காந்தும்; தின்றால் குடலைப் புரட்டிவிடும். இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பிரித்துச் சொல்வது நல்லம்மாதான். ஒரு துளியை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள். அதோடு முடியாது. கறியையும் அவள்தான் முதலில், தனியாகச் சாப்பிட வேண்டும். மற்றவர்கள் மறுநாள்தான் தொடுவார்கள். அவளுக்கு அதில் பெருமை. பெருமைப்பட அவளுக்கு வேறு என்ன இருந்தது?

போன வருசம் வந்த காய்ச்சல் போகும்போது ருசியையும் கொண்டுபோய்விட்டது. மிளகாயைக் கடித்தாலும் ஒன்றும் தெரியவில்லை. அதை யாரிடமும் அவள் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தபடி இருந்தாள்.

இந்த மழைக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிரேமிளா கூடையோடு வந்தாள். வாயும் வயிறுமாக இருந்தவள், சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றாள்.

"இதுன்னா ரெண்டு வாய் எறங்கும் பெரியம்மா. பாத்துச் சொல்லுங்க."

நல்லம்மா ஒன்றைக் கீறிப் பாலை நாக்கில் வைத்தாள். ஒன்றும் தெரியவில்லை. நல்லதென்று சொல்லி, அது பங்காளியாக இருந்துவிட்டால்? இரண்டு உயிர்.

"எரியுது. கொட்டிரு," என்றாள்.

பிரேமிளாவின் முகம் வாடிவிட்டது. வாசலில் நின்ற நல்லம்மாவின் புருசன் பழனியாண்டி கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு ஒவ்வொன்றாக. பெண்டாட்டியைப் பார்த்தார்.

"கூடைய வச்சுட்டுப் போ தாயி. நாளைக்குச் சொல்றோம்."

அவள் போனதும் மெல்லக் கேட்டார்.

"எப்பருந்து?"

"காய்ச்சலுக்கு அப்புறம்," என்று சொல்லிவிட்டு நல்லம்மா அழுதாள்.

"ஒன்னுமே எரியல. நீ ஆக்கு. நான் மொதல்ல திங்கிறேன்," என்றார் பழனியாண்டி.

ஆக்கினாள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தார். நல்லம்மாவால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. அவர் இருமினால் ஓடி வந்தாள், கண்ணை மூடினால் தொட்டுப் பார்த்தாள். வயிறு வலிக்குதா என்று கேட்டுக் கேட்டு அவரைத் தூங்கவே விடவில்லை.

விடிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரேமிளாவுக்குக் கிண்ணத்தில் கறியை ஊற்றும்போதும் நல்லம்மா அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துக்கிட்டு இருக்கிறது இவ்வளவு பயமா இருக்கும்னு தெரியலீங்க," என்றாள்.

"ஒவ்வொரு மழைக்கும் எனக்கு இப்பிடித்தான் இருந்துச்சு," என்றார் பழனியாண்டி.