ஒற்றைச் சாவி

நான் முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தாமதித்தால் வேறு யாராவது முந்திக்கொள்வார்கள். கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில், அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதற்காகப் பன்னிரண்டு வருடமாகச் சம்பளம் வாங்கும் நான், சொந்தக் காரின் பிழையை ஒன்றரை மாதம் கையில் பிடித்துக்கொண்டே அதைத் தேடினேன்.

கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துபோகும். தினமும் அல்ல, அது நினைத்தால். பைபாஸில் ஒரு லாரிக்கு முன்னால் ஒரு நாள், எங்கள் தெரு முனையில் ஒரு நாள். விளக்குகளெல்லாம் சட்டென்று செத்துப்போகும். சாவியை மறுபடி திருப்பினால் ஒன்றுமே நடக்காத பாவனையில் கிளம்பிவிடும்.

மனைவிக்கு எட்டாம் மாதம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக பைபாஸை விட்டால் வழியில்லை. வலி எடுப்பதற்குள் கார் சரியாக வேண்டும், நடுரோட்டில் பிள்ளை பெறத் தனக்கு விருப்பமில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

மூன்று மெக்கானிக்குகளைப் பார்த்தேன். என் சாவிக்கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுப்பேன். காரை நம்பிக் கொடுக்கலாம், வீட்டுச் சாவியைக் கொடுப்பானா மனுஷன்? முதல் ஆள் பேட்டரி முனையைச் சுரண்டினான். இரண்டாமவன் ஏதோ ரிலேயை மாற்றினான். மூன்றாமவன் விழிஞ்ஞம் மீன்துறை வரை ஓட்டிப் பார்த்தானாம், ஒரு குறையும் இல்லையாம். வண்டிக்குள் அடித்த மீன் வாடையை வைத்து, போனது உண்மை என்பதை மட்டும் நம்பினேன். மூன்று பேருக்கும் ஒரே பாட்டு: நாங்கள் ஓட்டும்போது அணையவில்லையே சார். எங்கள் ஆபீசில் வாடிக்கையாளரிடம் நான் தினமும் பாடும் பாட்டுதான் அது. இவன்களெல்லாம் ஸ்பானரை எதற்குப் பிடிக்கிறான்கள், ஐஸ் விற்கப் போகலாமே என்று ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து ஏளனம் செய்தேன்.

பிறகு நானே களத்தில் இறங்கினேன். லேப்டாப்பில் அட்டவணை போட்டேன். அணைந்த நேரம், மழையா வெயிலா, ஏசி உண்டா, காலையில் புட்டா தோசையா என்பதுவரை வண்ணம் வண்ணமாக நிரப்பினேன். புட்டுதான் காரணம் என்று சொல்லுமளவுக்கு அட்டவணை முற்றிவிட்டது.

கடைசியில் கரமனைப் பக்கம் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் போனேன். லுங்கி கட்டிய பெரியவர். வழக்கம்போல் ஒற்றைச் சாவியை நீட்டினேன். வாங்கவில்லை.

“ஞான் ஓட்டினா வராது சாரே. நீங்க தினம் ஓட்டுற மாதிரி ஓட்டுங்க. ஞான் சும்மா இரிக்கேன்.”

நான்காவது சோம்பேறி என்று நினைத்தபடி சாவியைக் கொத்தில் மாட்டிக் கிளம்பினேன். முதல் வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டது, என்ஜின் நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். அவர் சாவியைத் திருப்பச் சொன்னார். விளக்குகள் எரிந்தன. தொங்கிய கொத்தைப் பிடித்து லேசாக இழுத்தார், விளக்குகள் செத்தன. விட்டார், வந்தன.

“இது கார் சாவியா, கோயில் சாவியா?”

கொத்தில் கேட், முன்வாசல், பின்வாசல், பீரோ, ஆபீஸ் இழுப்பறை, நாகர்கோவில் வீடு, என்றோ விற்ற ஸ்கூட்டர், பூட்டே தெரியாத இரண்டு சாவிகள், ஒரு பித்தளை மணி. மனைவியின் சாவியும் அதில்தான். அவள் தொலைத்துவிடுவாள் என்று நான் வாங்கி மாட்டியது. இத்தனை கனமும் வருடக்கணக்கில் தொங்கி, சாவி போடும் ஸ்விட்ச் உள்ளே தேய்ந்துவிட்டது. வண்டி குலுங்கினால் கொத்து இழுக்கும், மின்சாரம் விட்டுப்போகும்.

“வர்க்‌ஷாப்பிலெல்லாம் ஒத்தச் சாவிதானே கொடுத்தீங்க? பின்னே எங்ஙன வரும்?”

அந்த மூன்று பேருக்கும் நான் வைத்திருந்த வசவையெல்லாம் அப்படியே எடுத்து எனக்கே வைத்துக்கொண்டேன். அளவாகப் பொருந்தியது.

ஒரு மணி நேரத்தில் புது ஸ்விட்ச் மாட்டினார். இனி இந்தச் சனியனே வேண்டாம் என்று கொத்தை அவர் மேசையில் கழற்றி வீசினேன். வழியில் ஒரு வேகத்தடை விடாமல் தேடிப் போய் ஏற்றி இறக்கினேன். கார் ஒருமுறைகூட அணையவில்லை.

வீட்டு வாசலில் மனைவி பையோடு நின்றாள், இடுப்பைப் பிடித்தபடி. வலி கண்டு அரை மணி ஆகியிருந்தது. கார் சரியாகிவிட்டது, தைரியமாக ஏறு என்று ஒற்றைச் சாவியை உயர்த்திக் காட்டினேன்.

அவள் அதைப் பார்த்தாள். திறந்து கிடந்த முன்வாசலைப் பார்த்தாள்.

“வீட்டுச் சாவி எங்க?”