சிட்டுவின் முட்டை

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பக ஆயாவுக்கு 'மைக்செட்' என்று பெயர். சோறு ஊட்ட அவள் பிள்ளைகளைக் கூப்பிட்டால், மேல் சரிவில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்கும் பசிக்க ஆரம்பிக்கும். அவளும் ஒரு காலத்தில் அந்தச் சரிவில் நின்றவள்தான். இடுப்பு விட்டுப்போனதும் இந்த வேலைக்கு வந்தாள். "அங்க கொழுந்து கிள்ளினேன், இங்க கன்னத்தைக் கிள்றேன். சம்பளம் மட்டும் மாறல" என்பாள். சேலைத் தொட்டில்களுக்கு நடுவே, இடுப்பில் ஒன்றும் காலடியில் இரண்டுமாக, அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

ஒரே கவலை சிட்டு. நடக்க வேண்டிய வயது தாண்டியும் அந்தப் பெண் குழந்தை சுவரில் சாய்ந்தே கிடந்தாள். கை குச்சி, கால் குச்சி. ஆனால் மாதாமாதம் நர்ஸ் வந்து எடை போடும்போது தராசு முள் பச்சைக் கோட்டில் போய் நிற்கும். சிவப்பில் நிற்கும் பிள்ளைகளுக்குத்தான் தினம் ஒரு முட்டை கூடுதலாகக் கிடைக்கும். சிட்டுவுக்குக் கிடையாது. "முள்ளு பொய் சொல்லுதா, என் கண்ணு பொய் சொல்லுதா?" என்று ஆயா புலம்பாத நாளில்லை.

அந்த மாதமும் முள் பச்சையில்தான் நின்றது. சிட்டுவை இறக்கி ஆயா மடியில் வைத்ததுதான் தாமதம், சேலை முழுக்க வெந்நீர் அபிஷேகம். நிற்கவே இல்லை. ஆயாவுக்குப் பொறி தட்டியது. மறுபடி தூக்கித் தராசில் வைத்தாள். முள் சிவப்பில் போய் நின்றது.

"என்னடி குடுத்த புள்ளைக்கு?"

எடை நாளென்று பிள்ளையோடு வந்து நின்ற சிட்டுவின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "தண்ணிதான்க்கா. வயிறு முட்ட. ஒவ்வொரு தடவையும்."

"எதுக்குடி?"

"கொழுந்து எடை கொறஞ்சா மேஸ்திரி எல்லார் முன்னாலயும் மானத்த வாங்குறாரு. புள்ள எடை கொறஞ்சா சும்மா விடுவாங்களான்னு..."

"அடிப்பாவி! இது கொழுந்து மூட்டையா? இங்க கொறைஞ்சாதான்டி முட்டை!"

அவள் விசும்பியதும் ஆயாவின் கோபம் இறங்கிவிட்டது. கொழுந்து நிறுக்கும் அந்தத் தராசுக்கு ஆயாவும் ஒரு காலத்தில் பயந்தவள்தானே. இந்தக் கதையைச் சொல்கிற எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை. பிள்ளை இளைத்தால் தாயைக் கேட்கிறார்கள்; அவள் கூலியில் வீட்டு அடுப்பு எத்தனை வேளை எரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை.

மறுநாளிலிருந்து சிட்டுவுக்கு முட்டை வந்தது. முதலில் மஞ்சள் கருவை மூக்கில் பூசிக்கொண்டாள், பிறகு ஆயாவின் மூக்கில் பூசினாள், அப்புறம் தின்னவும் கற்றுக்கொண்டாள். பருப்புச் சோற்றையும் மசித்து மசித்து ஆயா விடாமல் ஊட்டினாள். மெல்ல மெல்லச் சிட்டு சுவரைப் பிடித்து எழுந்தாள். பிறகு மற்ற பிள்ளைகளின் தட்டில் கைவைக்கும் அளவுக்குத் தேறினாள்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்த அம்மாவைப் பார்த்ததும் சிட்டு சுவரை விட்டாள். தள்ளாடித் தள்ளாடி வாசல் வரை நடந்தே போய்ச் சேர்ந்தாள். அம்மா வாரித் தூக்கினாள்.

"ஐயோ அக்கா, என்னா கனம் கனக்குறா! இடுப்பு போச்சு!"

பகலெல்லாம் கொழுந்து மூட்டையை வாய் திறக்காமல் சுமந்தவள் அவள்.

ஆயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேல் சரிவு வரை கேட்கிற மாதிரி அதட்டினாள். "உண்மையைச் சொல்லு. தண்ணி ஏதும் குடுத்தியா?"

"சத்தியமா இல்லக்கா" என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன.