மூலைப் புள்ளிகள்

என் அக்காவுக்கு ஆபீசில் வைத்த பெயர் ‘கண்கொத்தி’. வீட்டில் அந்தப் பெயர் செல்லாது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் கண்ணாடியைத் தேடுகிறவள் அவள். ஆனால் வானத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் அவளுக்குத் தப்பாது என்று இருபத்தாறு வருஷமாக எல்லோரும் நம்பினார்கள். நானும்தான்.

அவள் வேலை செய்வது, பூமியின் பாதைக்குக் குறுக்கே வரக்கூடிய விண்கற்களைத் தேடும் நிலையத்தில். இரவில் தொலைநோக்கி வானத்தின் ஒரே இடத்தை இருபது நிமிஷ இடைவெளியில் நான்கு படம் எடுத்து வைக்கும். நகர்கிற புள்ளிகளைக் கணினி வட்டமிடும். காலை எட்டு மணிக்கு அக்கா போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, கல்லா, தூசியா, செயற்கைக்கோளா என்று தீர்ப்பு சொல்வாள். கல் என்றால் உலகத்துக்கெல்லாம் தகவல் போகும். இல்லையென்றால் ஒரு குறுக்குக்கோடு. அவள் கோடு போட்டதை வேறு யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கேமராவின் வலது கீழ் மூலை பழுது. இல்லாத புள்ளியெல்லாம் அங்கே முளைக்கும். அதனால் ‘மூலை என்றால் பார்க்காமல் அடி’ என்று தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தாள். பதினான்கு மாதத்துக்கு முன், அவள் கர்ப்பப்பை அறுவை சிகிச்சைக்காக லீவில் இருந்தபோது புதுக் கேமரா மாட்டினார்கள். திரும்பி வந்தவளிடம் சொன்னார்கள், அவளும் தலையாட்டினாள். சீட்டைக் கிழிக்கத் தோன்றவில்லை. கை பழைய பழக்கத்திலேயே போனது.

போன மாதம் வேறொரு நிலையம் ஒரு கல்லைக் கண்டுபிடித்தது. விழுந்தால் ஒரு பெரிய நகரமே மிஞ்சாது. இன்னும் ஒன்பது வருஷத்தில் அது பூமியில் மோத முந்நூறில் ஒரு வாய்ப்பு என்றார்கள். பழைய படம் எதிலாவது அது இருந்தால் பாதையைத் திட்டமாகக் கணக்கிடலாம், தேடுங்கள் என்று எல்லா நிலையங்களுக்கும் சொன்னார்கள். அக்கா தேடினாள். ஒன்பது மாதத்துக்கு முன் இரண்டு காலைகளில் அது அவள் முன்னாலேயே வந்திருந்தது. மூலையில். அதன்மேல் அவள் போட்ட கோடு.

அன்று சாயங்காலம் செருப்பைக் கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் நான் பயந்துபோய் வாசல் கதவைச் சாத்தினேன். கல்லுக்காக இல்லை. அவள் ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் இப்படி ஒரு கெட்ட பெயரா என்றுதான்.

“யாருக்கும் தெரியாதுல்ல? அப்ப வாயைத் திறக்காதக்கா. அந்தக் கல்லு மறுபடி வராமலா போயிடும்? அப்ப யாராச்சும் பாத்துக்குவாங்க.”

“அடுத்த வாரம் மறைஞ்சா நாலு வருஷம் கழிச்சுதான்டி கண்ணுக்குத் தெரியும். விழப்போகுதுன்னு அப்ப தெரிஞ்சா, ஒரு விண்கலத்தைக் கட்டி, அனுப்பி, மோதித் தள்ளிவிட மிச்ச அஞ்சு வருஷம் பத்தாது.”

“முந்நூறுல ஒண்ணுதானே.”

“கதவைப் பூட்டாம வந்துட்டேன்னு தெரிஞ்சா, முந்நூறுல ஒருத்தன்தான் திருடன்னு நீ தூங்குவியா?”

எனக்கே என்னை நினைத்தால் கேவலமாக இருந்தது. இருந்தும் இன்னும் இரண்டு முறை அதையே சொன்னேன்.

மறுநாள் அவள் தலைவரின் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் உடனே படங்களை அனுப்பச் சொன்னாராம். மூன்று நாள் காத்திருந்தோம். அதற்கப்புறம் கணக்கு வந்தது: கல் பூமியை விட்டு வெகுதூரம் தள்ளிப் போய்விடும். ஆபீசில் கைதட்டினார்களாம். “நல்லவேளை சொன்னீங்கம்மா. இதோட விட்டுடலாம்” என்றாராம் தலைவர். நான் போனிலேயே அழுதுவிட்டேன்.

அக்கா வீட்டுக்கு வந்து, பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“அதான் விழாதுன்னு ஆச்சே, இன்னும் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க?”

“விழாதுன்னு தெரிஞ்சது ஒண்ணுதான். புதுக் கேமரா வந்தப்புறம் மூலையில இன்னும் ஆறாயிரத்துச் சொச்சம் அடிச்சிருக்கேன்.”

இப்போது வேலை முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து, அடித்ததையெல்லாம் திறந்து பார்க்கிறாள். பெரும்பாலும் ஒன்றுமில்லாத புள்ளிகள். எப்போதாவது நிஜக் கல். ஒரே ஒருமுறை கண்ணில் பட்ட கல் பிறகு எந்தப் பக்கம் போனது என்று கண்டுபிடிக்க வழியில்லை; எத்தனை என்றாவது தெரியட்டும் என்கிறாள். வாயை மூடச் சொன்ன நான்தான் கதவைத் திறக்கும்போதே கேட்கிறேன்.

“இன்னிக்கு எத்தனை?”

“ரெண்டு.”

அவை இப்போது எங்கே என்று நான் கேட்பதில்லை. அவளுக்கும் தெரியாது.