காரைக்கால்காரரின் மனைவி

நான் பிறந்தது நாகூரில். என் கணவர் காரைக்கால்காரர். விடியலில் மாட்டுவண்டி கட்டினால் வெயில் ஏறுவதற்குள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்விடலாம். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்தபோது, மாப்பிள்ளைக்கு ரங்கூனில் இரும்புச் சாமான் கடையில் வேலை என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். அவர் பிரெஞ்சு ராஜ்யத்துப் பிரஜை என்பதை யாரும் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே பிரெஞ்சுக் கொடி, இங்கே இங்கிலீஷ் கொடி. நடுவில் ஒரு சுங்கச் சாவடி. சாவடியில் சாராயத்தையும் பட்டுத் துணியையும் தேடுவார்கள். பெண் கொடுத்ததையும் எடுத்ததையும் அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

ரங்கூனில்தான் கேட்டார்கள்.

ஜெர்மன்காரனோடு நடந்த முதல் பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நிக்காஹ் முடிந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி, வாந்தியும் மயக்கமுமாக நான் ரங்கூன் வந்து சேர்ந்தேன். லான்மடா என்ற பேட்டையில் ஒரு மர வீட்டின் மேல்மாடியில் எங்களுக்கு ஓர் அறை. கீழே வீட்டுக்காரி கருவாட்டு மொத்த வியாபாரம் செய்தாள். நாற்பது வயதிருக்கும் பர்மியப் பெண். கொண்டையில் பூவும் வாயில் பெரிய சுருட்டுமாக மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆம்பிளைகளை அதட்டி வேலை வாங்குவாள். நம்மூர்க் கடைக்காரர்களோடு பேசிப் பேசி உடைந்த தமிழ் கொஞ்சம் பழகியிருந்தாள். அவர்கள் பாஷையில் அக்காவுக்கு ‘அமா’. அப்படித்தான் கூப்பிடச் சொன்னாள். என்னை ‘ஞீமா’ என்றாள், தங்கச்சி என்று அர்த்தம். நான் கூப்பிடவுமில்லை, அதிகம் பேசவுமில்லை. முகம் தெரியாத ஊர். என் அறைக் கதவுக்குள்ளேயே இருந்துகொண்டேன். வந்த பிறகு ஒரு தடவைகூட அந்தப் படியிறங்கித் தெருவுக்குப் போனதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே சொன்னார்.

“வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் எங்க குடியிருக்கோம்னு போலீஸ் ஆபீசுல பதியணுமாம். முதலாளி சொன்னாரு. போயிட்டு வந்துட்டேன்.”

“என்னையும் பதிஞ்சிட்டீங்களா மச்சான்?”

“உனக்கு வேணாம். நீ நாகூர்க்காரி, இங்கிலீஷ் பிரஜை. உன்னை யாரும் கேக்க மாட்டாங்க.”

“உங்க பொண்டாட்டின்னு சொன்னாலுமா கேக்க மாட்டாங்க?”

அவர் குவளையில் தண்ணீர் மொண்டு நிதானமாகக் குடித்தார். அவர் அப்படி நிதானமாக எதையும் குடிக்கிறவர் இல்லை.

“உன்னை எங்க உம்மா வழியில சொந்தம்னு சொல்லியிருக்கேன்” என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த ஆபீசில் ஒரு தமிழ் குமாஸ்தா இருந்தாராம். வீட்டில் வேறு யார் என்று கேட்டிருக்கிறார். மனைவி என்றால் கல்யாணத்துக்கு அத்தாட்சி வேண்டும் என்றிருக்கிறார். எங்கள் கல்யாணம் நாகூர்ப் பள்ளிவாசல் புத்தகத்தில் எழுதப்பட்டதோடு சரி. காரைக்காலில் நகராட்சி ஆபீசை ‘மேரி’ என்பார்கள்; அங்கே பதிந்தால்தான் பிரெஞ்சுக்காரன் கணக்கில் அது கல்யாணம். இவர் கப்பலைப் பிடிக்கும் அவசரத்தில் அங்கே போகவே இல்லை. அதனால் இவர் கையிலிருந்த பிரெஞ்சுக் காகிதத்தின்படி இவர் இன்னும் பிரம்மச்சாரி. காகிதம் இல்லாதவர்களைத் திரும்பும் கப்பலில் ஏற்றிவிடுவார்கள் என்று வரிசையில் நின்ற யாரோ சொல்ல, பயந்துபோய் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

“ஒரு பேச்சுக்குச் சொன்னதுதானே புள்ளே. இதுனால என்ன கொறஞ்சு போச்சு?”

அப்போது எனக்கு மூன்றாம் மாதம். நான் சத்தம் போடவில்லை. “இந்தப் புள்ளை பொறந்தா அது உங்களுக்கு என்ன ஒறவுன்னு எழுதுவீங்க?” என்று மட்டும் கேட்டேன். அவர் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

மறுநாள் அவர் கடைக்குப் போன பிறகு அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டுதான் அழுதேன். ஆனாலும் மரத்தரை, கீழே கேட்டிருக்கிறது. அமா படியேறி வந்து கதவருகே நின்றாள்.

“ஞீமா, என்னா? அவன் அடிச்சான்?”

இல்லை என்று தலையாட்டினேன். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல் இருந்தது. அவளுக்குப் புரிகிற மாதிரி துண்டு துண்டாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சுருட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

“நீ அவனுக்கு மயா இல்லே சொன்னான்?” மயா என்றால் மனைவி. “மயா இல்லேன்னா யாரு சோறு ஆக்குது? அவன் துணி யாரு தொவைக்குது?”

“அவர் பயந்துட்டாரு.”

“ஆம்பிளை பயப்படும். நாளைக்கு நான் கடை மூடுறேன். நாம போவோம்.”

அவள் கடையை மூடி நான் பார்த்ததே இல்லை. அதுவே எனக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது. கணவர் வந்ததும் சொன்னேன்.

“நாளைக்கு நான் அந்த ஆபீசுக்குப் போறேன்.”

“நீயா? தெருவே தெரியாதே உனக்கு.”

“அமாவுக்குத் தெரியும்.”

“நானும் வர்றேன்” என்றார், மெதுவாக.

காலையில் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு படியிறங்கினேன். வெளிச்சத்தில் கண் கூசியது. அமா புதுப் பட்டு லுங்கி கட்டி, எண்ணெய்க் காகிதக் குடை பிடித்து முன்னால் நடந்தாள். பக்கத்துப் பேட்டையான லத்தாவின் சீனக் கடைகளைத் தாண்டிப் போனோம். தொங்கவிட்ட வாத்துகள், பீங்கான் ஜாடிகள், ரிக்‌ஷாக்காரர்களின் மணிச் சத்தம். இவ்வளவும் என் ஜன்னலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்திருக்கிறது. காரியத்தை மறந்து வேடிக்கை பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆபீஸ் வராந்தாவில் பெரும்பாலும் சீனர்கள் காத்திருந்தார்கள். தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள், ஒரு பல் வைத்தியர். எங்கள் முறை வந்ததும், மனைவியைப் பதிய வேண்டும் என்று என் கணவர் முணுமுணுக்க, தமிழ் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். மெலிந்த மனிதர், நெற்றியில் கோபிச்சந்தனம். அவருக்குப் பின்னால் மேசையில் பர்மிய அதிகாரி, இளஞ்சிவப்புப் பட்டுத் தலைப்பாகையோடு எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்.

“மரைக்காயரே, முந்தாநாள் இவங்க ஒறவுக்காரின்னு சொன்னீங்க. இப்ப சம்சாரம்ங்கறீங்க. ரெண்டே நாள்ல கல்யாணம் ஆயிருச்சா?”

வராந்தாவில் தமிழ் தெரிந்த யாரோ சிரித்தார்கள். என் கணவரின் காது சிவந்தது. அவர் அப்படியே திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன்.

“பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டேன்யா. இவ என் பொண்டாட்டி. நாகூர்ல நிக்காஹ் ஆச்சு” என்றார். சத்தமாகவே சொன்னார்.

இரண்டு நாளாக அவர்மேல் எனக்கிருந்த கசப்பு அந்த நேரத்தில் போயிற்று. அதற்குப் பிறகு குமாஸ்தா என்ன எழுதியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன்.

குமாஸ்தா என்னைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, குரலைத் தணித்துக்கொண்டார்.

“அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. சொந்தம்னு இருந்துட்டா நீங்க இங்கிலீஷ் பிரஜை, ஒரு தொந்தரவும் இல்லை. சம்சாரம்னு எழுதினா புருஷன் எந்த ராஜ்யமோ அந்த ராஜ்யம்தான் நீங்களும். இன்னையிலேர்ந்து வெளிநாட்டுக்காரி. வருஷா வருஷம் இங்க வந்து நிக்கணும். வீடு மாறினா வந்து சொல்லணும்.”

“எழுதுங்க” என்றேன்.

“அத்தாட்சி?”

நிக்காஹ்வில் என் கழுத்தில் கட்டிய கருகமணியைத் துப்பட்டிக்கு வெளியே எடுத்துக் காட்டினேன். குமாஸ்தாவுக்குப் புரிந்தது. ஆனால் பின்னாலிருந்த அதிகாரி அதைச் சாதாரணப் பாசிமணியாகத்தான் பார்த்தார். காகிதம் இல்லாமல் முடியாது என்பதுபோல் கையை அசைத்தார்.

அமா குடையை மடக்கி என் கணவரின் கையில் கொடுத்துவிட்டு, நேராக அதிகாரியின் மேசைக்குப் போனாள். பர்மிய மொழியில் பேச ஆரம்பித்தாள். மரியாதையாகத்தான் பேசினாள், ஆனால் கருவாட்டுக்கு விலை சொல்லும்போது பேசுகிற அதே குரல். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குமாஸ்தா சாய்ந்து எனக்கு மொழிபெயர்த்தார்.

“வீடு என்னுதுன்னு சொல்றாங்க. இவங்க ரெண்டு பேரும் ஒரே பானைச் சோறு சாப்பிடறாங்களாம். புருஷன் பெண்சாதின்னு தெருவுக்கே தெரியுமாம். சண்டை போட்டா கீழ தனக்குக் கேக்குதாம். இதுக்கு மேல கல்யாணத்துக்கு என்ன அத்தாட்சி வேணும்னு கேக்கறாங்க.”

அதிகாரி வாசித்துக்கொண்டிருந்ததைக் கீழே வைத்தார். என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பெண்ணின் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற என் கணவரைப் பார்த்ததும் அவர் உதடு லேசாக விரிந்தது. குமாஸ்தாவிடம் ஏதோ சொன்னார்.

“எங்க ஜனங்களுக்குள்ள, ரெண்டு பேர் சேர்ந்து வாழ்ந்து அக்கம்பக்கம் அதை ஒத்துக்கிட்டா அதுவே கல்யாணம்தான்ங்கறார். இந்த அம்மா சாட்சிக் கையெழுத்துப் போட்டா இப்போதைக்குப் போதுமாம். நாகூர்ப் பள்ளிவாசல் கடுதாசி கப்பல்ல வந்ததும் கொண்டாந்து குடுத்துடுங்க.”

அமா உட்கார்ந்து, வட்ட வட்டமான எழுத்துகளில் தன் பெயரைப் பொறுமையாக எழுதினாள். நான் என் பெயரைச் சொன்னேன். அவ்வளவு காலமும் ‘இன்னாரின் மகள்’ என்று இருந்தவள், குமாஸ்தாவின் பேனாவில் ‘இன்னாரின் மனைவி, பிரெஞ்சுப் பிரஜை’ ஆனேன். பிரெஞ்சில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. அவருக்கும்தான்.

வெளியே வந்ததும் அமாவுக்குத் தாகம். கரும்புச்சாறு வண்டிக்கருகே நின்று மூவரும் குடித்தோம். அவள் பக்கத்துக் கடையில் உலர்ந்த இறாலைக் கையிலெடுத்து மோந்து பார்த்து வியாபாரம் பேசப் போனாள். நாங்கள் இருவரும் தனியே நின்றோம்.

“மன்னிச்சிடு புள்ளே” என்றார்.

“இன்னிக்கே எங்க வாப்பாவுக்குக் கடுதாசி எழுதுங்க. பள்ளிவாசல்ல எழுதி வாங்கி அனுப்பட்டும்.”

“எழுதறேன்.”

“மேரியிலயும் பதியச் சொல்லுங்க.”

“அதுக்கு நாம நேர்ல போகணும்.”

“அப்ப ஊருக்குப் போறப்ப முதல் வேலை அதுதான்” என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. மதிய லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று அவர் பள்ளிவாசலுக்குப் போனார். நான் அமாவோடு வீட்டுக்கு நடந்தேன். அதற்குப் பிறகு படியிறங்க நான் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

நாகூரிலிருந்து கடிதம் வர வெகுநாள் ஆயிற்று. கொண்டுபோய்க் கொடுத்தபோது குமாஸ்தா அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கட்டோடு கட்டாக வைத்துவிட்டு, “உடம்பு எப்படிம்மா இருக்கு?” என்றுதான் விசாரித்தார்.

மழைக்காலத்தில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு அமாதான் மருத்துவச்சியைக் கூட்டிவந்தாள். பிறப்பைப் பதியப் போன என் கணவர் முகமெல்லாம் சிரிப்போடு திரும்பி வந்தார். ரங்கூன் மண்ணில் பிறந்ததால் அவள் இங்கிலீஷ் பிரஜையாம். எங்கள் அறையில் யாரிடமும் போய் நிற்க வேண்டாத ஆள் அவள் ஒருத்திதான்.

பிறகு ஒவ்வொரு வருஷமும் நாங்கள் இருவரும் ஆபீசுக்குப் போகிற நாளில் அவளைக் கீழே அமாவிடம் விட்டுப் போவோம். அவளுக்குப் பேச்சு வந்த வருஷம், நாங்கள் திரும்பி வந்தபோது மூட்டைமேல் உட்கார்ந்து, அமா சொல்லச் சொல்ல பர்மிய மொழியில் ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் இறங்கி வரவில்லை. நாங்களும் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து அவள் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தோம்.