டெல்மாவின் அறுபத்தைந்து வகுத்தல்கள்

மெல்போர்ன் டிராம்களிலிருந்து நடத்துநர்களை நீக்கி இத்தனை வருடம் ஆகியும், அவர்களில் ஒருத்தியாக இருந்த டெல்மா ரியோர்டனுக்கு ஏக்கமெல்லாம் டிக்கெட் மூலையில் அச்சடித்திருந்த ஆறு இலக்க எண்கள்மீதுதான். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள். ஆனாலும் டிக்கெட்டைக் கிழிக்கும்போதே, அந்த எண் எதனால் வகுபடும் என்று மனம் துழாவத் தொடங்கிவிடும்.

1974 குளிர்காலத்தில் ஒரு காலை. பிரன்ஸ்விக் நெசவாலை மெக்கானிக் எலியோ பிரெஸ்ஸானுக்கு அவள் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டில் 100003 வந்தது. அவருக்கும் அதே கிறுக்கு உண்டு.

"ஏழால வகுபடும், டெல்மா."

"ஒண்ணு மிஞ்சுது கண்ணு. இது எதாலயும் வகுபடாது. பகா எண்ணு."

"இத்தாம் பெரிய எண்ணு ஒண்ணுக்குமா மசியாது? நிரூபிச்சுக் காட்டுங்க, மத்தியானச் சாப்பாடு நான் கொண்டாரேன்."

"கத்திரிக்கா வெச்சுக் கொண்டாங்க."

கடைசி நிறுத்தத்தில் டிராம் நிற்கும் சில நிமிடங்களில், பழைய கால அட்டவணையின் பின்பக்கம் பென்சிலால் வகுத்தாள். பதினொன்றுக்கு மீதி இரண்டு. பதின்மூன்றுக்கு ஏழு. "கெளம்பலாமா, இன்னும் வகுக்கணுமா?" என்று ஓட்டுநர் கத்துவார். ஐந்தாம் நாள் 313-க்கு வந்தாள். மீதி 156. அறுபத்தைந்து பகா எண்களில் ஒன்றுகூடச் சரியாக வகுக்கவில்லை.

எலியோ தாளை வரி வரியாகப் பார்த்தார். "ஏன் இதோட நிறுத்திட்டீங்க?"

"அடுத்தது 317. அதை அதாலயே பெருக்கினா நம்ம எண்ணைத் தாண்டிடுது. அதைவிடப் பெருசு ஏதாவது வகுத்தா, ஜோடியா ஒரு சின்னதும் வகுக்கணும்ல? சின்னதெல்லாந்தான் பாத்தாச்சே."

மறுநாள் எண்ணெயில் ஊறிய கத்திரிக்காய் வைத்த ரொட்டி வந்தது.

சில மாதம் கழித்து, நூலகத்தில் பகா எண்களின் பட்டியல் கண்ணில் பட்டது. ஆறு இலக்கத்தில் முதலாவதாக 100003 இருந்தது. டெல்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"ஒரு நிமிஷத்துல பாத்திருக்கலாம், எலியோ. அஞ்சு நாள் வீணு."

"பட்டியல் போட்ட ஆளு உக்காந்து போட்டான். நீங்க நின்னுக்கிட்டே, சில்லறையும் குடுத்துக்கிட்டே போட்டீங்க."

சிரித்துவிட்டாள்.

அடுத்த ஆண்டு ஆலை மூடியது. எலியோ மில்டூராவில் தம்பியின் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸ் அட்டைகள் மட்டும் வந்தன. ஒவ்வொன்றிலும் வாழ்த்துக்கு மேலே ஓர் எண். ஜனவரிக் கோடை வெக்கையில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் வகுப்பாள். ஒரு வருடம் அட்டை வரவில்லை. பிறகு வரவேயில்லை.

கடைசி அட்டையில் இருந்தது எட்டு இலக்கம். இன்னும் பாதியில்தான் நிற்கிறது. அவசரமில்லை என்கிறாள்.