இல்லாத பூனைக்கு ஒரு கூண்டு

எங்கள் கட்டடத்தில் பிராணி வளர்க்கக் கூடாது என்ற விதியை எழுதியவன் நான்தான். மூன்று மாடி, பன்னிரண்டு வீடு. பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள், மற்றவை குஜராத்திக் குடும்பங்கள். மும்பை மாதுங்காவின் பழைய கட்டடங்களுக்கு உரிய அமைதி அதற்கு இருந்தது. ஒரு நாள் இரண்டாம் மாடிக் குடும்பம் நாய் வாங்கப் போவதாக அறிவித்து, கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாயின் படத்தைக் கைப்பேசியில் எல்லாருக்கும் காட்டியது. மறுநாளே குடியிருப்போர் சங்கமான சொசைட்டியின் செயற்குழு கூடியது.

வரைவு எழுதும் வேலை எப்போதும் என்னிடம்தான் வரும். பிழையில்லாமல் எழுதுவேன் என்றொரு பெயர் எனக்கு உண்டு. எதைச் சொன்னாலும் 'எழுத்தில் கொடுங்கள்' என்று கேட்டு மனிதர்களின் பிராணனை வாங்குவேன் என்ற பெயரும் உண்டு. விதியில் ஓட்டை இருக்கக் கூடாதென்று, வளர்ப்பது என்றால் என்ன என்பதையே வரையறுத்தேன். வீட்டுக்குள் வைத்து உணவிடுவது, பெயர் வைத்து அழைப்பது, உறங்க இடம் கொடுப்பது. இம்மூன்றில் ஒன்றைச் செய்தாலும் அது வளர்ப்பே ஆகும். மீனுக்கு மட்டும் விலக்கு அளித்தேன். செயற்குழு ஒருமனதாக நிறைவேற்றியது. இரண்டாம் மாடிக்காரர்கள் ஒரு மீன்தொட்டி வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் எங்கள் தரைத்தள வீட்டின் சமையலறைச் சன்னலுக்குப் பூனை வந்தது.

சாம்பல் நிறம், ஒரு காது சற்று மடங்கியது, உலகத்தின் மேல் பெரிய மதிப்பில்லாத முகம். என் மனைவி அதற்குத் தயிர்சாதம் வைத்தாள். வீட்டுக்குள் வைக்கவில்லை, கம்பிக்கு வெளியே, சன்னல் மேடையில் வைத்தாள். மாலை ஐந்து மணிக்கு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள், பூனை வந்துவிடும். உறங்க நாங்கள் இடம் கொடுக்கவில்லை. சமையலறைக்கு மேலுள்ள பரணில், பாலக்காட்டிலிருந்து வந்த பித்தளை உருளிக்குப் பின்னால், அதுவாகவே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டது. பெயர் வைக்கும் பேச்சே எழவில்லை. வீட்டில் அது 'அது'தான். காதில் புண் வந்தபோது செம்பூரிலுள்ள விலங்கு மருத்துவரிடம் கொண்டுபோனோம். மருத்துவத்தைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. சீட்டில் 'வழியில் பார்த்த பூனை' என்று எழுதச் சொன்னேன். நான்கு முறை போனோம். நான்கு முறையும் வழியில்தான் பார்த்திருந்தோம். அந்தப் பயணங்களில் இரண்டு காய்கறிப் பைகள் கிழிந்தன.

இப்படி ஆறு ஆண்டுகள், விதி ஒரு நூலிழையும் பிசகாமல், எங்கள் வீட்டில் பூனை இல்லாமல் இருந்தது.

போன மழைக்காலத்தில் மூன்று நாள் விடாமல் பெய்தது. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு நாலா ஓடுகிறது. கழிவும் மழைநீரும் சேர்ந்து போகும் பெரிய கால்வாய். அது விளிம்புவரை நிறைந்து நின்றது. அதை ஒட்டிய பின்மதில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. காலையில் மாநகராட்சியிலிருந்து இருவர் வந்து மதிலைப் பார்த்தார்கள், கட்டடத்தைப் பார்த்தார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்கள். மாலையில் கடல் ஏற்றம். நான்கு மணிக்குள் பன்னிரண்டு வீடும் காலியாக வேண்டும். வடாலாவில் ஒரு பள்ளியில் இரண்டு நாள் தங்க இடம்.

சொசைட்டியின் செயலாளர் மூன்றாம் மாடியில் இருப்பவர். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். கையில் அட்டையும் தாளுமாக ஒவ்வொரு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டு வந்தார்.

"ஓய், உம்மாத்துல எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்."

"மருந்து மாத்திரை?"

"பிரஷர் மாத்திரை மட்டும்."

"பிராணி? அதுகளுக்குன்னு தனியா ஒரு டெம்போ வரது. கூண்டும் அவாளே கொண்டு வரா. பள்ளிக்கூடத்துல அதுகளுக்கு ஒரு ரூம் ஒழிச்சிருக்கா. கூண்டுல இல்லாத பிராணிய உள்ள விட மாட்டா. எத்தனைன்னு இப்பவே சொன்னாத்தான் கூண்டு."

"இல்லை," என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இல்லையா?"

"இல்லை."

"எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்கோ."

ஆறு ஆண்டுப் பழக்கம். மனிதனுக்கு மூச்சு வருவதைப் போல எனக்கு அந்தச் சொல் வந்துவிட்டது. அவர் படியேறிப் போன பிறகு திரும்பினேன். பாதி மடித்த புடவையோடு மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லைன்னேளா?"

"வாய் தவறி வந்துடுத்து."

"ஆறு வருஷமா தவறிண்டிருக்கு." புடவையை மேசைமேல் போட்டாள். "நீங்கோ போங்கோ. நான் வரலை."

சமையலறை முக்காலியில் போய் உட்கார்ந்தாள். மேலே, உருளிக்குப் பின்னால், ஒரு வால்நுனி மட்டும் தெரிந்தது. காலையில் வந்த மாநகராட்சிக்காரர்களின் பூட்ஸ் சத்தத்துக்குப் பயந்து ஏறியது, இன்னும் இறங்கவில்லை.

நான் நியாயமான யோசனைகளைச் சொன்னேன். காட்கோபரிலுள்ள என் தங்கை வீட்டில் விடலாம் என்றேன். ரயில் ஓடவில்லை என்பதை நானே நினைவுகூர்ந்தேன். சன்னலைத் திறந்து வைத்து, இரண்டு நாளுக்கான சாதத்தைப் பரணிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்றேன்.

"பூனைக்கு உயரம் தெரியும். தண்ணி வந்தாலும் பரண் மேல அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்போ நம்மளும் பரண்ல ஏறிக்கலாம். எதுக்கு வடாலா?"

"மதில் விழுந்தா?"

"விழட்டும். அது மேல ஒக்காந்துண்டிருக்கு, நான் கீழ ஒக்காந்துண்டிருக்கேன். ரெண்டு பேரும் பாத்துக்கறோம்."

முப்பது ஆண்டு மணவாழ்வில் அவள் இரண்டே முறைதான் இப்படி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு முறையும் எழுந்தது நான்தான். மணி இரண்டரை. மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.

செயலாளர் சுவாமி படங்களைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"எங்காத்துல ஒரு பூனை இருக்கு," என்றேன்.

"இப்பத்தான் வந்துதா?"

"ஆறு வருஷமாச்சு."

"அடேடே!" அவர் படத்தைக் கீழே வைத்தார். "ஆனா ஓய், வாயால சொன்னா நான் எப்படி எடுத்துக்கறது? எழுத்துல குடும்."

தாளும் பேனாவும் ஆயத்தமாக இருந்தன. அப்போதே எனக்கு ஐயம் எழுந்திருக்க வேண்டும். 'எங்கள் வீட்டுக்கு ஒரு பூனை வந்து போகிறது' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார்.

"வந்து போறதா, இருக்கா? ஓட்டை இருக்கப்படாதுன்னு நீர்தானே சொல்லுவீர்?"

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, 'நாங்கள் ஒரு பூனை வளர்க்கிறோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சொற்கள் குறைந்த வாக்கியம்தான். இதுவரை நான் எழுதியவற்றில் அதற்கே அதிக நேரம் பிடித்தது. அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கணக்கெடுத்த தாளை என் முன் நீட்டினார். எங்கள் வீட்டு எண்ணுக்கு எதிரே, மை காய்ந்து, 'பூனை – 1' என்றிருந்தது.

"நீர் இல்லைன்னீர். எனக்கு ஒரு காது மந்தம், நான் ஒண்ணுன்னு எழுதிண்டேன். டெம்போ கிளம்பியாச்சு, கூண்டும் வரது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாயந்திரம் அஞ்சு மணிக்கு உம்மாத்துல தட்டு தட்டற சத்தம் கேட்டாத்தான் எங்காத்துல காப்பிக்கே பால் வைக்கறா. போம், போய்ப் பூனையைப் பிடியும்."

கூண்டைக் கொண்டுவந்தவர் தாராவியைச் சேர்ந்த டெம்போ ஓட்டுநர். பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. கூண்டின்மேல் எங்கள் வீட்டு எண்ணைச் சுண்ணக்கட்டியால் எழுதியிருந்தார். "சீக்கிரம் ஏத்துங்க சார். ரோட்டுல தண்ணி ஏறிக்கிட்டே வருது. மூணரைக்கு மேல டெம்போவ நகத்த முடியாது. ஒங்க பூனை ஒண்ணுதான் பாக்கி," என்றார்.

மணி மூன்று. முக்காலியின்மேல் ஏறிக் கையை நீட்டினேன். உருளிக்குப் பின்னாலிருந்து ஒரு பாதம் வந்து, என் புறங்கையில் மூன்று கோடு போட்டுவிட்டு உள்ளே போயிற்று. அழைத்துப் பார்த்தேன். அழைப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. 'வா' என்றேன்; 'இங்கே பார்' என்றேன்; பூனையின் குரலில் ஏதோ ஒன்றைச் சொன்னேன். நான் எழுதிய விதியின் இரண்டாம் பிரிவு அவ்வளவு செம்மையாக வேலை செய்திருந்தது.

மனைவி தட்டையும் கரண்டியையும் என் கையில் கொடுத்தாள். "நீங்கோ உள்ள இருந்தா அது இறங்காது. வெளியில போய் சன்னல்கிட்ட நின்னு தட்டுங்கோ. நான் இங்க பிடிச்சுக்கறேன்."

"அஞ்சு மணிக்குத்தானே அது வரும்?"

"அதுகிட்ட கடிகாரமா இருக்கு? போங்கோன்னா."

பக்கவாட்டுச் சந்தில் முழங்காலளவு தண்ணீர். ஒரு கையில் குடை, மறு கையில் தட்டு. கரண்டிக்கு மூன்றாவது கை வேண்டியிருந்ததால் குடையைக் கைவிட்டேன். இரண்டு தட்டு தட்டினேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். கட்டடத்திலுள்ள அத்தனை பேரும் பேருந்துக்குப் போகும் வழி அந்தச் சந்துமுனைதான். பெட்டியும் பையுமாகப் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"என்ன சார், மழை பத்தலைன்னு தட்டு தட்டுதியளா?" என்றார் டெம்போ ஓட்டுநர்.

இரண்டாம் மாடி அம்மாள் மீன்களை ஒரு வாளியில் ஏந்திக்கொண்டு வந்தாள். என் முன்னால் நின்று, தட்டைப் பார்த்தாள், சன்னல் மேடையைப் பார்த்தாள்.

"ஏன் மாமா, கம்பிக்கு வெளியில வெச்சுப் போட்டா வளர்ப்புல சேராதோ? தெரிஞ்சிருந்தா நாங்க நாய்க்கு பால்கனியிலேர்ந்து போட்டிருப்போமே."

தட்டிக்கொண்டே இருந்தேன். மூடிய சன்னலின் கண்ணாடியில் நீர் வழிந்ததால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. மனைவியின் உருவம் மட்டும், பரணை நோக்கி முகத்தை உயர்த்தி, அசையாமல் நின்றது. உதடு அசைவதுபோல் இருந்தது. ஏதோ சுலோகம் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு சாம்பல் நிறத்தில் ஒன்று மேலிருந்து கீழே இறங்கியது. குளியல் துண்டு பறந்தது.

"பிடிச்சாச்சு!" என்று குரல் வந்தது.

மூன்று இருபத்தைந்துக்குக் கூண்டு டெம்போவில் ஏறியது. எல்லாரையும் நனைத்த மழை அந்தப் பூனையின்மேல் ஒரு துளியும் படவில்லை. என் தட்டோசைக்கு ஆறாண்டுப் பழக்கம் அடிபணிந்ததை எண்ணிப் பேருந்தில் சற்றுப் பெருமிதத்தோடேயே உட்கார்ந்திருந்தேன்.

வடாலாப் பள்ளியில் பிராணிகளுக்கென ஒதுக்கிய வகுப்பறையில் பக்கத்துக் கட்டடங்களின் நான்கு நாய், இரண்டு ஆமை, ஒரு வாளி மீன், எங்கள் பூனை. வாசலில் ஒரு தன்னார்வப் பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் நான் கையெழுத்திட்டேன். அன்று அது இரண்டாவது கையெழுத்து.

"இஸ்கா நாம்?" என்று பூனையைக் காட்டி அந்தப் பெண் கேட்டாள்.

பெயர் இல்லை என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மனைவி ஒரு பெயரைச் சொல்லிவிட்டாள். யோசிக்கவே இல்லை. சொன்ன மாத்திரத்தில் கூண்டுக்குள் ஒரு முகம் திரும்பி அவளைப் பார்த்தது. மடங்கிய காதுகூட நிமிர்ந்தது.

நான் அவளைப் பார்த்தேன். அவள் படிவத்தைப் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து?"

"வந்த மொத வாரத்துலேர்ந்து. நீங்கோ ஆபீஸ் போனப்பறம்தான் கூப்பிடுவேன்."

"இன்னிக்கு?"

"நீங்கோ சந்துக்குப் போனப்பறம்."

"அதுக்குத்தான் என்னை அந்தத் தண்ணியில நிக்க வெச்சியா? நான்தான் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேனே!"

"குடுத்தேள். இருந்தாலும் விதியை எழுதினவர் பக்கத்துல நிக்கறச்சே எப்படிக் கூப்பிடறது? வெக்கமா இருக்காதா?" என்றவள், என் நனைந்த வேட்டியைப் பார்த்துச் சற்றே இரங்கினாள். "தட்டுச் சத்தமும் கேட்டிருக்கும். கேக்காம இருக்காது."

அன்று மாலையே மதில் விழுந்தது. நல்லவேளையாக நாலாவின் பக்கமே விழுந்தது. மூன்றாம் நாள் திரும்பியபோது சமையலறைச் சுவரில் இடுப்பளவில் ஒரு சேற்றுக்கோடு இருந்தது. பரண் நனையவே இல்லை. உருளியில் தூசிகூட அப்படியே இருந்தது. மனைவி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணும் சொல்லாதீங்கோ," என்றாள். கூண்டைத் திறந்தோம். பூனை நேரே பரணுக்கு ஏறிப்போய்த் தன் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டது.

நான் எழுதிக் கொடுத்த தாள் இன்னும் செயலாளரிடம்தான் இருக்கிறது. விதியைத் திருத்தும் தீர்மானத்தை நானே எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார். வரைவு மேசைமேல் இருக்கிறது. பூனையின் பெயரை இந்தக் கதையில் எழுதலாமா என்று மனைவியிடம் கேட்டேன். பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேறும்வரை கூடாது என்கிறாள்.