ஆட்டின் வயிறு யார் பொறுப்பு

எங்கள் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு சினிமா எடுக்க வந்தவர்கள், காலனி முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டு ஆட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு செவலை ஆடு அந்தப் பக்கத்திலேயே அது ஒன்றுதான்.

ஊரும் தெலுங்கு, படமும் தெலுங்கு. ஆனால் வேலை செய்ய வந்தவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசும் மெட்ராஸ்காரர்கள், அதனால் அம்மாவுக்கு அவர்களிடம் தனி ஒட்டுதல். முதல் நாள் கதாநாயகி ஆட்டுக்குத் தழை கொடுத்துக்கொண்டே அழுதாள். மீதி அழுகை நாளைக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

விடிவதற்குள் ஆடு இரண்டு குட்டி போட்டுவிட்டது.

நேற்று இருந்தது இன்றும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழுக்கைத்தலை உதவி டைரக்டரின் வேலை. வளையல், பொட்டு, முந்தானை மடிப்பு, ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆட்டைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா இது, நேத்து வயிறு இருந்துச்சே?"

"இன்னும் ஒரு வாரம் ஆகும்னு நெனச்சேன் தம்பி," என்றாள் அம்மா, தானே பெற்றவள்போல வெட்கப்பட்டு.

டைரக்டர் தெலுங்கில் கத்திய கத்தலில் காக்காய்கள் பறந்தன. மதியத்துக்குள் காட்சி முடியாவிட்டால் உதவி டைரக்டர் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்றார். வழுக்கைத்தலைக்காரர் ஓடிப்போய், ஆட்டுக்கு ஒரு வயிறு செய்து தரச்சொல்லி ஒவ்வொருவரிடமும் கேட்டார்.

உடைக்காரர், "ஆடு என்ன புடவையா கட்டியிருக்கு? எங்கிட்ட வராதய்யா," என்றார். மேக்கப்காரர், "கழுத்துக்குக் கீழ என் வேலை இல்ல," என்றார். செட் போடுகிறவரோ, "மூச்சு விடுறது எதுவும் என் பொறுப்புல வராது," என்று பீடியைப் பற்றவைத்தார்.

உதவி டைரக்டர் மூன்று பேரையும் கும்பிட்டார். "ஆட்டைப் பிடிச்சது நான். திட்டெல்லாம் என் தலையிலயே விழட்டும். கை மட்டும் குடுங்கய்யா."

அதற்கப்புறம் பார்க்க வேண்டுமே! உடைக்காரர் துணிப் பை தைத்துப் பஞ்சு அடைத்தார். செட்காரர் அதில் சணலைப் பிய்த்து ஒட்டினார். மேக்கப்காரர் செவலை நிறத்தைக் குழைத்துக் குழைத்துத் தடவினார். வாய் சண்டை போட்டுக்கொண்டே இருந்தது, கை ஒன்றாக வேலை செய்தது. கட்டி முடித்ததும் அம்மாவே ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் குட்டிகள் கத்தின. ஆடு திரும்பித் திரும்பிப் பார்த்தது. உதவி டைரக்டர் என்னிடம் வந்து குனிந்தார்.

"பாப்பா, இதுங்கள தண்ணித் தொட்டிக்குப் பின்னால தூக்கிட்டுப் போ. குட்டி கத்துனா ஆடு திரும்பும். ஆடு திரும்புனா நான் மெட்ராஸுக்கு ரயில் ஏறணும்."

போனேன். மடியில் ரெண்டும் கிடந்தன. வாயைத் திறக்கும்போதெல்லாம் விரலைக் கொடுத்தேன், சப்பின. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற என் சிநேகிதிகள், "ஏய், ரா! ஹீரோயின் அழுறா, வந்து சூடு!" என்று தெலுங்கும் தமிழுமாகப் பார்க்கக் கூப்பிட்டார்கள். காவல்காரர், "சத்தம் நக்கோ!" என்று அவர்களை விரட்டினார். எனக்கும் ஓட வேண்டும்போல இருந்தது. அந்த வழுக்கைத்தலையை நினைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். கடைசியில் கைதட்டல் கேட்டது. அவர் ரயில் ஏறவில்லை.

மதியம் மரத்தடியில் வரிசையாக இலை போட்டார்கள். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விளக்குக்காரர்களுக்கு நடுவில் உட்காரவைத்து, "இந்தப் பொண்ணுக்கும் ஒரு இலை," என்றார். ஒரே வியர்வை நாற்றம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் காலனிப் பிள்ளைகள் எல்லாம் கதாநாயகி கை கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷூட்டிங்கையும் பார்க்கவிடவில்லை, இதையும் பார்க்கவிடவில்லை என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. சாம்பார் காரம் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த விளக்குக்காரர் தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார்.

படத்தில் வேலை பார்த்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் அந்த வரிசையில் இலை விழாது என்பது, அப்பளத்தைக் கடித்துக்கொண்டே அழுத எனக்கு அன்று தெரியவில்லை.